கெடை கோப்பி

மலேசியாவின் பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ கடைத்தெருவில் நடந்தால் ‘கெடை’ என்ற சொல் கண்ணில் படாமல் போகாது. கெடை எமாஸ் என்றால் நகைக்கடை. கெடை ருன்சிட், மளிகைக்கடை. கெடை கோப்பி, காப்பிக்கடை. ரோமன் எழுத்தில் இருப்பதால் சட்டென்று அடையாளம் தெரியாது. அது நம் கடைதான். கடல் வணிகர்களோடு மலாய்க்குப் போன தமிழ்ச் சொல்.

போன சொல் நம் உச்சரிப்பையும் பதிவுசெய்து வைத்திருப்பதுதான் வியப்பு. விரலைத் தொண்டையில் வைத்துக்கொண்டு ‘கட்டில்’ என்று சொல்லுங்கள். ‘ட்ட’ வரும்போது அதிர்வு நின்றுவிடும். ‘கடை’ என்று சொல்லுங்கள்; அதிர்வு நிற்காது. குரல்வளை அதிரப் பிறக்கும் இந்த ஒலியை அதிர்வொலி எனலாம். இரண்டுக்கும் நாம் ஒரே ‘ட’வைத்தான் எழுதுகிறோம். ‘த’வும் அப்படித்தான். மலாய்க்குத் தனித்தனி எழுத்து உண்டு. அதனால் கட்டிலும் பெட்டியும் அங்கே வல்லொலியோடு ‘காத்தில்’, ‘பெத்தி’ ஆயின. கடையும் முதலும் அதிர்வொலியோடு ‘கெடை’, ‘மோடால்’ ஆயின. வணிகர் போட்ட முதல்தான் இன்றும் மலாயில் மூலதனத்துக்குப் பெயர். நம் எழுத்து காட்டாத வேறுபாட்டை மலாய்க்காரர் காது பிடித்து வைத்திருக்கிறது!

கோப்பி வந்த வழி இன்னும் நீளம். அரபியில் கஹ்வா, துருக்கியில் கஹ்வே, டச்சில் கொஃபி. 1690களில் ஜாவாவில் காப்பிச் செடி நட்டவர்கள் டச்சுக்காரர்கள். அவர்கள் சொல்தான் மலாய்க்கு வந்தது. பழைய மலாயில் ‘ஃப’ ஒலி கிடையாது. ‘ப’ அந்த இடத்தில் உட்கார்ந்தது. ஆங்கிலச் சொல்லை நாம் ‘காப்பி’ ஆக்கியதும் இதே வைத்தியத்தால்தான்.

இந்தக் கோப்பியோடு ஹொக்கியன் சீனர்கள் தங்கள் ‘தியாம்’ என்ற சொல்லைச் சேர்த்தார்கள். தியாம் என்றாலும் கடைதான். பிறந்தது ‘கோப்பித்தியாம்’. இரண்டு பெயர்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கெடை கோப்பியில் சொல் தமிழ், வரிசை மலாய்: கடை முன்னே, காப்பி பின்னே. கோப்பித்தியாமில் ஒரு தமிழ்ச் சொல்கூட இல்லை. வரிசை மட்டும் அச்சு அசலாக நம் காப்பிக்கடை!

உள்ளே போய் உட்கார்ந்து ‘கோப்பி ஓ கோசோங்’ என்று கேளுங்கள். ‘ஓ’ ஹொக்கியனில் கறுப்பு, அதாவது பால் கிடையாது. ‘கோசோங்’ மலாயில் வெறுமை, அதாவது சர்க்கரையும் கிடையாது. சுடச்சுடக் கடுங்காப்பி வரும்.