கார் இங்கே, வரி எங்கே?

நடுவர் அவர்களே! "ஒரே நாடு, ஒரே வரின்னா மாநிலங்களுக்கு என்னய்யா வலி?"ன்னு எதிரணி நண்பர் கேட்டாரு. சொல்றேன், கேளுங்க.

ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் செய்த காரைப் பாட்னா வியாபாரிக்கு நேரே விற்றால், முன்பு மத்திய விற்பனை வரியாக 2 சதவீதம் தமிழ்நாட்டுக்குக் கிடைத்தது. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. மாநிலத்துக்குரிய பங்கு முழுவதும் இப்போது வாங்குகிற பீகாருக்கு!

வரி கட்டுகிறவர் அங்கேதானே இருக்கிறார்? நியாயந்தான். ஆனா நிலம், தண்ணீர், ரோடு கொடுத்தது யாரு? வருவாய்க் குறைவுக்கு ஐந்து வருஷம் இழப்பீடு கொடுத்தார்கள். 2022 ஜூனோடு அதுவும் முடிந்தது.

பிள்ளை பெத்த வீட்டுக்கு மருந்துச் செலவு, மொய்ப்பணம் மட்டும் அடுத்த வீட்டுக்கா? (கைதட்டல்)

ஏழை மாநிலத்துக்குக் கொடுக்காதேன்னு சொல்லலை. பெற்றவளுக்கும் ஒரு பங்கு வையுங்கள் என்கிறேன்.