தடிமன் மருந்தும் ஒரு சட்டமும்

தடிமனால் ஏற்படும் மூக்கடைப்பை நீக்குவது சூடோஎபெட்ரின் என்ற மருந்து. நம் நாட்டில் ‘ஐஸ்’ எனப்படும் மெத்தம்பெட்டமைன் போதைப்பொருளுக்கும் அதுவே மூலப்பொருளாகப் பயன்பட்டது. ஐக்கிய அமெரிக்காவில் பலர் இம்மருந்தைக் கடைகளில் வாங்கி, வீடுகளிலேயே போதைப்பொருள் தயாரித்தனர். தீ விபத்துகளும் நச்சுப்புகையும் அவ்வீடுகளிலிருந்த குழந்தைகளையும் பாதித்தன.

இதைத் தடுக்க 2006 மார்ச்சில் ஒரு சட்டம் கையொப்பமிடப்பட்டது. அதன்படி, வாங்குபவர் அடையாள அட்டையைக் காட்டிப் பதிவேட்டில் கையொப்பமிட வேண்டும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 3.6 கிராம், 30 நாட்களுக்கு 9 கிராம் மாத்திரமே.

ஆரம்பத்தில் வீட்டுத் தயாரிப்பு குறைந்தது. பின்னர் சிலர் ஆட்களை அனுப்பிக் கடை கடையாகச் சிறிது சிறிதாக வாங்குவித்தனர். மெக்சிக்கோக் கடத்தற்காரர்களோ வேறு இரசாயனங்களுக்கு மாறினர்.

நோயாளிகளும் பாதிக்கப்பட்டனர். பல கம்பனிகள் மாற்றாகச் சேர்த்த பினைலெப்ரின், வாய்வழி உட்கொள்ளும்போது மூக்கடைப்பை நீக்குவதில்லை என 2023இல் அந்நாட்டு மருந்து நிருவாகத்தின் ஆலோசனைக் குழு முடிவுசெய்தது.

ஆகவே விற்பனைக் கட்டுப்பாடு அவசியம். ஆனால் அது மட்டும் போதாது. போதைக்கு அடிமையானோருக்குச் சிகிச்சை கிடைக்காதவரை, அதை விற்போருக்கு வாடிக்கையாளர் இருந்துகொண்டே இருப்பர்.