கிணற்றுத் தண்ணீருக்கு விலை என்ன?

வீட்டுச் செலவுக் கணக்கைக் கொப்பியில் எழுதி வைக்கும் நல்ல பழக்கம் நம் சகோதரிகள் பலரிடம் உண்டு. அரிசி, மா, சீனி, மீன், மின்சாரக் கட்டணம், பிள்ளைகளின் பாடசாலைச் செலவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி இருக்கும். ஆனால், முற்றத்துக் கிணற்றில் அள்ளும் தண்ணீருக்கு அந்தக் கொப்பியில் இடமில்லை. அது சும்மா கிடைப்பதுதானே என்று நினைக்கிறோம்.

சும்மா கிடைப்பதாக நினைக்கும் பொருளை யாரும் எண்ணிச் செலவழிப்பதில்லை. அதன் விலை தெரியவரும்போது காலம் கடந்துவிடுகிறது. இதற்கு நம் நாட்டிலேயே கண்முன்னே நிற்கும் உதாரணம் கற்பிட்டிக் குடாநாடு.

மணலுக்கடியில் ஒரு நன்னீர்த் தேக்கம்

ஒருபுறம் புத்தளம் களப்பு, மறுபுறம் இந்து சமுத்திரம். நடுவே நீண்டு கிடக்கும் மணல் நிலமே கற்பிட்டி. அங்கே ஆறு கிடையாது. ஆண்டின் கடைசி மாதங்களில் பெய்யும் மழைதான் மணலுக்குள் இறங்கி, கீழே உள்ள உவர்நீரின் மேல் தேங்கி நிற்கிறது. தண்ணீரின் மேல் தேங்காயெண்ணெய் மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழ அதே விதமாகத்தான் பாரமான உப்புநீரின் மேல் பாரம் குறைந்த நன்னீர் மிதக்கிறது.

கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடி வரை நன்னீர் இருக்கலாம் என்பது நீரியலாளர்களின் கணக்கு. அளவுக்கு மீறி இறைத்து மேலே ஓர் அடியைக் குறைத்தால், கீழேயிருந்து உவர்நீர் காலப்போக்கில் 40 அடி மேலேறிவர இடமுண்டு. மேலே சிறிய நட்டம். கீழே பெரிய நட்டம்.

இந்தத் தண்ணீரை நம்பித்தான் வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு, மரக்கறி என்று அங்கே தோட்டங்கள் பச்சைப் பசேலென்று நிற்கின்றன. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பலவும் புத்தளம் மாவட்டத்துக்கே வந்து சேர்ந்தன. தோட்டக் கூலி அவர்களில் பலருக்குக் கஞ்சி ஊற்றியது. எனவே, தோட்டக்காரரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நமது நோக்கமல்ல. கணக்கில் விடுபட்ட வரியைக் காட்டுவதே நோக்கம்.

விடுபட்ட வரி

தோட்டக்காரரின் கணக்கில் விதைக்கு, பசளைக்கு, கூலிக்கு, இறைக்கும் இயந்திரத்தின் எண்ணெய்க்கு அல்லது மின்சாரத்துக்கு விலை இருக்கிறது. தண்ணீருக்கு இல்லை. "நான் மிச்சம் பிடித்தால் பக்கத்துத் தோட்டக்காரர் இறைத்துவிடுவார்" என்பதும் அவருக்குத் தெரியும். ஆகவே சிக்கனம் செய்பவருக்கே நட்டம் என்றாகிவிடுகிறது.

அடுத்தது பசளை. மணல் மண் தண்ணீரையும் பிடித்து வைக்காது, பசளையையும் பிடித்து வைக்காது. அடிக்கடி நீர் பாய்ச்ச வேண்டும். அடிக்கடி பசளை போட வேண்டும். பயிர் எடுத்தது போக மீதி, நைத்திரேற்றாக மாறிக் கிணற்றுக்கே இறங்குகிறது. கற்பிட்டித் தோட்டப் பகுதிக் கிணறுகளில் நைத்திரேற்று அளவு மீறியிருப்பதை ஆய்வாளர்கள் 1980களிலேயே எடுத்துக்காட்டினர்.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். 50 கிலோ யூரியா மூடையில் 23 கிலோ நைதரசன் உண்டு. அதில் ஒரே ஒரு கிலோ மண்ணுக்குள் கசிந்தால் சுமார் 4.4 கிலோ நைத்திரேற்றாகிறது. குடிநீர் ஒரு லீற்றரில் 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. அப்படியானால் அந்த ஒரு கிலோ, சுமார் 88,000 லீற்றர் சுத்தமான நீரை எல்லைக்குக் கொண்டுவந்து நிறுத்தப் போதும். குடிக்கவும் சமைக்கவும் ஒரு வீட்டுக்கு நாளொன்றுக்கு 40 லீற்றர் என்று வைத்தால், அது ஆறு வருடத் தண்ணீர்!

விலை கொடுப்பவர் யார்?

தோட்டத்துக் கணக்கில் எழுதப்படாத இந்தச் செலவு வீட்டுக் கணக்கில் வந்து விழுகிறது. 1945இல் அமெரிக்காவின் அயோவா மாநில வைத்தியர் ஹண்டர் கொம்லி, கிணற்று நீரில் பால் கரைத்துக் கொடுக்கப்பட்ட கைக்குழந்தைகளின் உடல் நீலம் பாய்வதற்கு நைத்திரேற்றே காரணம் என்று எழுதினார். இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழப்பதால் வரும் நோய் இது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட சிசுக்களுக்கே ஆபத்து அதிகம்.

தாய்மார் ஒன்றை மறக்கக்கூடாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். இத்தகைய இடங்களில் தாய்ப்பாலே குழந்தைக்குப் பாதுகாப்பு.

ஒரு மாநகரம் போட்ட கணக்கு

கெட்ட பின் சுத்திகரிப்பதா, கெடாமல் காப்பதா? நியூயோர்க் மாநகரமே இந்தக் கேள்வியை எதிர்கொண்டது. வடிகட்டும் நிலையம் கட்டினால் சுமார் 600 கோடி டொலர் செலவாகும் என்று மதிப்பிட்டார்கள். அதற்குப் பதிலாக, தண்ணீர் உற்பத்தியாகும் மலைப்பகுதியைக் காப்பதற்கு 1997இல் உடன்பாடு செய்தார்கள். மாட்டெரு மழையில் கரைந்தோடாமல் பார்த்துக்கொள்ளவும், மலக்குழிகளைத் திருத்தவும் அங்குள்ள விவசாயிகளுக்கும் வீட்டாருக்கும் நகரம் பணம் கொடுத்தது. விற்க விரும்பியவர்களிடம் மட்டும் காணி வாங்கியது. செலவு நிலையத்துக்குரியதில் ஒரு சிறு பங்குதான். மேலே இருப்பவரின் வருமானத்தைக் கெடுக்காமல் கீழே இருப்பவரின் தண்ணீரைக் காத்ததே இதன் சிறப்பு.

2021இல் நம் நாட்டில் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரெனத் தடை செய்து, அதே ஆண்டிலேயே கைவிட நேர்ந்தது. விவசாயியின் கையைக் கட்டிவிட்டு மண்ணைக் காக்க முடியாது என்பதற்கு அதுவே சாட்சி.

நாம் செய்யக்கூடியவை

பசளையை ஒரே தடவையில் கொட்டாமல், பயிரின் தேவைக்கேற்பச் சிறிது சிறிதாகப் பிரித்துப் போடலாம். பெருமழைக்கு முன்னர் போடுவதைத் தவிர்க்கலாம். கூட்டெரு சேர்த்தால் மணல் ஈரத்தைப் பிடிக்கும். சொட்டு நீர்ப்பாசனத்தால் இறைக்கும் செலவும் குறையும். இவை தோட்டக்காரருக்கும் இலாபமே.

வீட்டில் மலசலகூடக் குழியைக் கிணற்றிலிருந்து இயன்றவரை தூரத்தில் அமையுங்கள். அதிலிருந்தும் நைத்திரேற்று கசியும். தோட்டம் சூழ்ந்த பகுதியில் வசிப்போர் கிணற்று நீரை ஆய்வுகூடத்தில் கொடுத்துச் சோதிப்பது நல்லது. அயல் வீட்டாரோடு சேர்ந்து செய்தால் செலவும் பெரிதாகத் தெரியாது.

இன்றிரவு கணக்குக் கொப்பியைத் திறக்கும்போது, சகோதரிகளே, 'தண்ணீர்' என்றும் ஒரு வரி எழுதுங்கள். எதிரே தொகை எதுவும் போட வேண்டாம். அந்த இடம் வெறுமையாகவே இருப்பது நம் வீட்டுக்குக் கிடைத்த பெரிய இலாபம். அங்கே ஒரு தொகை எழுதும் நாள் வராமல் பார்த்துக்கொள்வதே உண்மையான சிக்கனம்.