ஞாயித்துக்கிழமை மட்டும் காணாமல் போகும் தலைவலி... ஷூ பசையில் அப்படி என்ன இருக்கு?

புது ஷூ டப்பாவைத் திறந்ததும் குப்புனு ஒரு வாசனை வருமே... நமக்கு அது ரெண்டு நிமிஷம். சோல் ஒட்டுற டேபிளில் இருப்பவருக்கு தினமும் எட்டு மணி நேரம்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் பல குடும்பங்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, ஷூ கம்பெனி வேலைதான் சோறு போடுகிறது. 2022-ல் பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் காலணிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஜீயபுரம், முசிறி பக்கத்துப் பசங்களுக்கு அது பக்கத்து மாவட்டம்தான்.

'சொல்யூஷன்' என்று சொல்கிற அந்தப் பசையில் ரப்பரையோ பாலியூரித்தேனையோ கரைத்து வைத்திருப்பது டொலுயீன், ஹெக்ஸேன் போன்ற கரைப்பான்கள். பூசியதும் அவை ஆவியாகும். பசை மட்டும் நிற்கும். ஆவி எங்கே போகும்? பூசுறவர் மூக்குக்குத்தான். கொஞ்ச நேரத்தில் வாசனையே தெரியாது. காற்று சுத்தமாகிவிட்டது என்று அர்த்தமில்லை, மூக்கு பழகிவிட்டது, அவ்வளவுதான்.

சாயங்காலம் தலைவலி, கிறுகிறுப்பு. வீட்டில் 'பித்தம்', 'ஒழுங்கா சாப்பிடுறதில்ல' என்பார்கள். லீவு நாளில் மட்டும் அது வரவில்லை என்றால், சந்தேகப்பட வேண்டியது பசையைத்தான்.

ஹெக்ஸேன் இன்னும் மோசம். உடலுக்குள் போய் வேறு ரசாயனமாக மாறி, நீளமான நரம்புகளை முதலில் தாக்கும். அதனால் கால் விரல், கை விரல்களில்தான் மரமரப்பு ஆரம்பிக்கும். சுகர் என்று நினைத்து விட்டுவிடுவது சுலபம். வேலையை நிறுத்திய பிறகும் சில வாரங்களுக்குக் கூடிவிட்டு, அப்புறம்தான் மெதுவாகக் குறையும். 1960-களில் ஜப்பானில் வீட்டிலேயே செருப்பு ஒட்டியவர்களுக்கு நடந்தது இதுதான். பென்சீன் கலந்த பசை வேறு ரகம். இஸ்தான்புல் ஷூ தொழிலாளர்களிடம் அதனால் வந்த ரத்தப் புற்றுநோயை மருத்துவர் முசாஃபர் அக்சோய் 1974-ல் பதிவு செய்தார்.

துணி மாஸ்க் தூசியை ஓரளவு தடுக்கும், ஆவியைத் தடுக்காது. ஃபேன் அதைப் பக்கத்து டேபிளுக்குத் தள்ளிவிடும். பசை பூசும் இடத்திலேயே ஆவியை இழுத்து வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வேண்டும்; அதை வைத்துத் தருவது முதலாளி வேலை. நீரில் கரையும் பசைகளும் வந்துவிட்டன. தொழிலாளி கையில் இருப்பது கொஞ்சம்தான்: டப்பாவை மூடி வைப்பது, தின்னரில் கை கழுவாமல் இருப்பது (தோல் வழியாகவும் உள்ளே போகும்), அந்த டேபிளில் டிபன் பாக்ஸைத் திறக்காமல் இருப்பது.

பென்சீனும் அதன் இனத்தைச் சேர்ந்த டொலுயீன் போன்றவையும் உண்டாக்கும் பாதிப்பை, மருத்துவர்கள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்நோயாக 1948 தொழிற்சாலைகள் சட்டமே பட்டியலிட்டது. ஆனால் அவருக்கு முதலில் விஷயம் தெரிய வேண்டுமே? இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் என்ன வேலை என்று கேட்டால், 'கம்பெனி வேலை' என்று நிறுத்தாதீர்கள். 'பசை ஒட்டுற வேலை சார், இத்தனை வருஷமா' என்று சொல்லுங்கள். முடிந்தால் டப்பாவின் லேபிளை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள்.