எஞ்சினின் மூச்சும் நமது பணமும்

காருடன் வந்த காற்று வடிகட்டியையும் சைலன்சரையும் அகற்றி, கடைகளில் தனியே விற்கும் உயர்விலை வகைகளைப் பொருத்தினால் எஞ்சினின் சக்தி பெருகும், பெட்ரோலும் மிச்சமாகும் என்ற எண்ணம் பலரிடையே உண்டு. அங்கத்தினரின் பணம் சம்பந்தப்பட்ட விஷயமாதலால், இதன் உண்மையைச் சற்று ஆராய்வோம்.

ஒரு லிட்டர் பெட்ரோல் முழுதும் எரிய ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று வேண்டும். அக்காற்று தடையின்றி உட்புக வேண்டும். எரிந்த புகை தடையின்றி வெளியேற வேண்டும். இக்கொள்கை சரியே, பந்தயக் கார்களில் இதனால் பயனும் உண்டு. ஆனால் சாலையில் நிதானமாகச் செல்லும் பெட்ரோல் காரில், காற்றை மிகுதியும் தடுப்பது வடிகட்டியன்று. ஆக்ஸிலரேட்டர் மிதிக்கு இணங்கித் திறந்து மூடும் த்ராட்டில் தகடேயாகும். வீட்டுக் கதவைப் பாதி சாத்திவிட்டுத் தெருப்படலை அகலமாக்குவதால் என்ன பயன்?

அமெரிக்காவிலுள்ள ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009இல் இதனைச் சோதித்தது. எரிபொருளைக் கணினி அளந்து தரும் கார்களில், அடைபட்ட வடிகட்டியை மாற்றியும் பெட்ரோல் செலவு குறையவில்லை. வேகம் பிடிக்கும் திறன் மட்டும் சுமார் 6 முதல் 11 சதவீதம் தேறியது. அடைபட்டதற்கும் புதியதற்கும் உள்ள வேறுபாடே இவ்வளவுதான். சாதாரணப் புதியதற்கும் விலையுயர்ந்த புதியதற்கும் எவ்வளவு இருக்கும் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்.

இவ்வகை வடிகட்டிகளிற் பல, எண்ணெய் தோய்த்த பருத்தி வலைத்துணியால் ஆனவை. பருத்தி என்றதும் நமக்குப் பற்று எழுவது இயல்பே. ஆயினும் கண் அகன்ற துணி காற்றோடு தூசியையும் விடக்கூடும் என்பதை நெசவாளர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. புழுதி சிலிண்டரினுள் புகுந்தால் பிஸ்டன் வளையங்கள் தேயும். பானட்டினுள் திறந்தபடி பொருத்தும் வகையோ எஞ்சினருகே உள்ள சூடான காற்றையே இழுக்கும். 20 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குச் சூடேறிய காற்று, அடர்த்தியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை இழக்கும். அதனால் சக்தியும் குறையும்.

சைலன்சரை மட்டும் மாற்றுவோர் பெரும்பாலும் பெறுவது ஓசையே. ஓசையின் மிகுதியைச் சக்தியின் மிகுதி என மனம் மயங்குகிறது. புகையைத் தூய்மையாக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரையும் சேர்த்து அகற்றுதல் ஊரார் மூச்சுக்கே கேடு. ஓசை, புகை விதிகளை மீறும் வாகனத்தைப் பொதுவிடத்தில் ஓட்டுவோருக்கு, 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆம் பிரிவு, 2019இல் செய்த திருத்தத்தின்படி, 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கிறது.

ஆகவே அங்கத்தினர் செய்யத்தக்கது எளிது. கையேட்டில் கூறிய காலத்தில் வடிகட்டியை மாற்றுங்கள்; மண் சாலையில் ஓடும் வண்டியாயின் இன்னும் அடிக்கடி பாருங்கள். டயரின் காற்றழுத்தத்தைச் சரியாக வையுங்கள். அலங்கார உறுப்புகளுக்குச் செலவிட எண்ணிய தொகை சேமிப்புக் கணக்கிலேயே இருக்கட்டும்.