தைப்பனி கொட்டுது, நெல்மணி தவிக்குது!

டெல்டா விவசாயிக்கு 17 சதவீதச் சோதனை

தஞ்சாவூர்:

ஊட்டியில் பனி விழுந்தால் போட்டோ எடுக்கக் கூட்டம் கூடும். தஞ்சையில் பனி விழுந்தால் விவசாயி வயிற்றில் புளியைக் கரைக்கும்!

மார்கழி, தை மாதங்களில் ஊட்டி தலைகுந்தா புல்வெளி விடியற்காலையில் உப்பைக் கொட்டியது போல வெள்ளையாகக் கிடக்கும். அது உறைபனி. ஊட்டி கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால், குளிர் பூஜ்யம் டிகிரி வரை இறங்கி விடும்.

தஞ்சையில் அந்தப் பேச்சே இல்லை. இது சமவெளி, கடலும் பக்கம். குளிர்கால இரவிலும் வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். தண்ணீர் உறையாது. ஆனால் உறையாத இந்தப் பனிதான் இங்கே பிழைப்பில் கை வைக்கிறது.

ஏன் கொட்டுகிறது?

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் வானம் வெளுத்து விடும். மேகப் போர்வை இல்லாததால், பகலில் வாங்கிய சூட்டை நிலம் இரவில் விட்டு விடும். வயலிலும் வாய்க்காலிலும் தண்ணீர் கிடப்பதால் காற்றிலும் ஈரம். அந்த ஈரம் குளிர்ந்த பயிரில் துளியாக இறங்கினால் பனி; காற்றில் மிதந்தால் மூடுபனி.

சரியாக அந்த நேரத்தில்தான் சம்பா நெல் முற்றி அறுவடைக்கு வருகிறது. மேட்டூர் அணையை ஜூன் 12-ந்தேதி திறந்து ஜனவரி 28-ந்தேதி மூடும் வழக்கமே இந்தக் கணக்கை ஒட்டியதுதான்.

"தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்பது பழமொழி. அது நெல் மூட்டையையும் துளைக்கிறது!

மீட்டர் தீர்ப்பு

தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி கொள்முதல் நிலையங்களில் நெல்லை 40 கிலோ மூட்டையாக எடுக்கிறார்கள். அதற்கு முன் ஒரு கைப்பிடி நெல் மீட்டருக்குள் போகும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. தாண்டினால், காயவச்சுக் கொண்டு வர வேண்டியதுதான்!

இது வீம்புக்குப் போட்ட விதி அல்ல. ஈர நெல்லைக் கட்டி அடுக்கினால் உள்ளே சூடேறும். பூஞ்சணம் பிடிக்கும். முளை கூட விடும். அரிசி பழுப்பேறி நாற்றம் அடிக்கும். அந்த அரிசிதானே கடைசியில் ரேஷன் கடைக்கு வருகிறது!

சிக்கல் எங்கே என்றால், நெல் சும்மா கிடந்தாலே காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். சாயங்காலம் தேறிய நெல், ராத்திரி திறந்த களத்தில் கிடந்தால் காலையில் தேறாமல் போகும்.

ஒன்றரை கிலோ கணக்கு

20 சதவீத ஈரம் உள்ள 40 கிலோ நெல்லை 17 சதவீதத்துக்குக் காயவைத்தால், எடை சுமார் 38½ கிலோவுக்கு இறங்கும். 100 மூட்டைக்கு ஏறக்குறைய 145 கிலோ. போவது வெறும் தண்ணீர்தான். ஆனால் அதைப் போக்க ஆகும் கூலியும், காத்துக் கிடக்கும் நாளும் விவசாயி தலையில்!

2023 பிப்ரவரியில் பருவம் தவறிய மழை அறுவடை நேரத்தில் கொட்டியது. அப்போது மத்திய அரசு டெல்டா மாவட்டங்களுக்கு 20 சதவீதம் வரை சலுகை கொடுத்தது. மழைக்கு அப்படிச் சலுகை கிடைத்தது. ராத்திரிக்கு ராத்திரி இறங்கும் பனிக்கு யாரிடம் மனுக் கொடுப்பது?

ரோட்டில் நெல், பனியில் கல்!

களம் கிடைக்காதவர்கள் தார் ரோட்டில் நெல்லைப் பரப்புகிறார்கள். வண்டி ஏறாமல் இருக்க ஓரத்தில் கல்லையும் கட்டையையும் வைக்கிறார்கள்.

மூடுபனி மறைக்கும் அதிகாலையில் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் வருகிறவர்களுக்கு அந்தக் கல்தான் எமன்! நெல்மணி மீது டயர் ஏறினாலும் சறுக்கும். தேர்வான மீட்டர் எண்ணுக்காக ஒருவர் படும் பாட்டில், வழியே போகிற இன்னொருவர் கால் ஒடியலாம்.

செய்யக் கூடியது

கதிரில் பனி காய்ந்த பிறகே அறுவடை மிஷினை இறக்குவது நல்லது. நெல்லை மெல்லிசாகப் பரப்பி அடிக்கடி கிளறிவிட வேண்டும். பொழுது சாயும் முன்பே குவித்துத் தார்ப்பாய் போட வேண்டும். வெயில் ஏறியதும் தார்ப்பாயை எடுத்து விட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளுக்குள்ளேயே வியர்த்து நெல் திரும்ப ஈரமாகும்.

மற்றது விவசாயி கையில் இல்லை. ஊருக்கு ஒரு சிமெண்டு களமும், கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு மேலே ஒரு கூரையும் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். ரோடும் காலியாகும்.

அதுவரை தை மாதக் காலையில் டெல்டா ரோட்டில் போகிறவர்கள் விளக்கைப் போட்டு, வேகத்தைக் குறைத்துப் போவது உயிருக்கு நல்லது.