மஞ்சள் விளக்கு மேல் கருப்பு டேப் ஒட்டாதீங்க! கார் பிரேக் சென்சாரை உப்பு தின்னும் கதை

ஆம்பூர்,

"தம்பி, மீட்டர்ல மஞ்ச லைட்டு எரியுது. ஏ.பி.எஸ்.னு போட்டிருக்கு. ஆனா பிரேக் நல்லாத்தான் பிடிக்குது."

"சென்சார் சும்மா பொய் சொல்லுது பாய். மேல கருப்பு டேப் ஒட்டிடறேன். பேசாம ஓட்டுங்க."

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கம் ஒர்க்‌ஷாப் வாசலில் நின்று பார்த்தால் இந்த மாதிரிப் பேச்சு காதில் விழும்.

டேப் ஒட்டினால் விளக்கு மறைந்து விடும். கோளாறு மறையுமா?

கார்க்காரர் சிரித்துக் கொண்டே வண்டியை எடுத்துப் போகிறார். ஒரு மழை நாளில் மாதனூர், பள்ளிகொண்டா பக்கம் நெடுஞ்சாலையில் முன்னே போகும் லாரி சட்டென்று நிற்கும். அப்போதுதான் அந்த விளக்கு எதற்கு எரிந்தது என்று அவருக்குத் தெரிய வரும்.

பழைய வண்டியில் இந்தத் தொல்லை இல்லை

அம்பாசடர், பியட் காலத்தில் இந்தப் பிரச்சினையே கிடையாது. மிதித்தால் பிடிக்கும். பிடிக்காவிட்டால் பிடிக்காது. இடையில் விளக்கும் இல்லை, சென்சாரும் இல்லை.

சக்கரம் பூட்டிக் கொள்ளாமல் தடுக்கும் இந்த எலெக்ட்ரானிக் பிரேக் முறையை ஜெர்மனியின் பாஷ் கம்பெனி 1978-ல் மெர்சிடஸ் பென்ஸ் காரில் கொண்டு வந்தது. நம் நாட்டில் 2018 ஏப்ரலில் இருந்து புது மாடல் கார்களுக்கும், 2019 ஏப்ரலில் இருந்து விற்பனையாகும் எல்லா புதுக் கார்களுக்கும் இது கட்டாயம் ஆனது. நம் ஊரில் பள்ளிப் பிள்ளைகளையும் பிரியாணி அண்டாவையும் ஏற்றித் திரிந்த மாருதி ஆம்னி வேனின் உற்பத்தி அதே 2019-ல் நிறுத்தப்பட்டது. புதிய பாதுகாப்பு விதிகளும் அதற்கு ஒரு காரணம்.

அப்போது வாங்கிய கார்கள் எல்லாம் இப்போது வாரண்டி முடிந்து, கை மாறி, தெரு ஓர ஒர்க்‌ஷாப்புக்கு வந்து நிற்கின்றன. ஷூ கம்பெனி ஆபீசர் வைத்திருந்த கார் இன்றைக்கு சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு நோயாளி ஏற்றும் டாக்சியாக ஓடலாம்.

சக்கரத்துக்கு ஒரு காவல்காரன்

ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் கட்டை விரல் அளவு சென்சார் ஒன்று இருக்கிறது. சக்கரத்தோடு சேர்ந்து ஒரு பல் வளையமோ, காந்த வளையமோ சுற்றுகிறது. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 1 மில்லி மீட்டர்தான் இடைவெளி.

வளையம் சுற்றும் வேகத்தை சென்சார் பெட்டிக்குச் சொல்கிறது. திடீர் பிரேக்கில் ஒரு சக்கரம் மட்டும் பூட்டிக் கொள்ளப் போகிறது என்று தெரிந்தால், பெட்டி அந்தச் சக்கரத்தின் பிரேக்கை ஒரு விநாடியில் பல தடவை விட்டு விட்டுப் பிடிக்கும். அப்போது பெடல் 'தடதட'வென்று காலை உதைக்கும். பயந்து காலை எடுக்கக் கூடாது. அழுத்திக் கொண்டே இருக்க வேண்டும். ஸ்டியரிங் சொன்ன பேச்சு கேட்கும்.

ஒரு சென்சாரிடம் இருந்து தகவல் வராவிட்டால் என்ன ஆகும்? பெட்டி, 'எனக்குக் கண் தெரியவில்லை' என்று தன் வேலையை நிறுத்தி விட்டு மஞ்சள் விளக்கைப் போடுகிறது. சாதாரண பிரேக் மட்டும் இருக்கும்.

'சென்சார் பொய் சொல்லுது' என்பது இங்கேதான் பாதி உண்மை. பிரேக் கட்டையும் ஆயிலும் நன்றாகவே இருக்கலாம். ஆனால் பாதுகாப்பு முறை படுத்து விட்டது என்று விளக்கு சொல்வது முழு உண்மை. ஈர ரோட்டில் ஓங்கி மிதித்தால் சக்கரம் பூட்டிக் கொண்டு கார் வழுக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் திரும்பாது.

அமெரிக்காவில் 8 லட்சம் வண்டிகள்

இதில் இன்னொரு விபரீதமும் உண்டு. அமெரிக்காவில் நடந்தது.

அங்கே பனிக் காலத்தில் ரோட்டில் உறையும் பனியைக் கரைக்க உப்பைக் கொட்டுவார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் 1999 முதல் 2002 வரையிலான மாடல் பிக்கப் வண்டிகளிலும் பெரிய கார்களிலும் இந்த உப்பு புகுந்து விளையாடியது. முன் சக்கரத்தில் சென்சார் உட்காரும் இடத்தில் துரு ஏறி உப்பியது. துரு சென்சாரை மேலே தள்ளியது. இடைவெளி கூடியதால் தகவல் குறைந்தது.

மெதுவாகப் போகும்போது தகவல் அறுந்தால், சக்கரம் பூட்டிக் கொண்டது என்று பெட்டி ஏமாந்து போகும். உடனே பிரேக்கை விட்டு விடும்! டிரைவர் மிதிக்கிறார், வண்டி நிற்காமல் போகிறது. நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் மோதிய சம்பவங்களும் உண்டு.

கடைசியில் 2005 ஆகஸ்டில், உப்பு போடும் மாநிலங்களில் ஓடிய சுமார் 8 லட்சம் வண்டிகளை கம்பெனி திரும்ப அழைத்தது. துருவைச் சுரண்டி, அந்த இடத்துக்கு மருந்து பூசி, தேவைப்பட்ட வண்டிக்கு சென்சார் மாற்றிக் கொடுத்தார்கள்.

அமெரிக்காவில் பனி பெய்தால் நமக்கு என்ன என்று கேட்கலாம்.

நம் ஊரில் பனி கிடையாது. உப்பு உண்டு. பச்சைத் தோல் கெடாமல் இருக்க அதன் எடையில் சுமார் 40 சதவீதம் வரை உப்பு போடுகிறார்கள். அந்தத் தோல் லாரியில் வருகிறது. குடோனில் இறங்குகிறது. உதறிய உப்பு வாசலில் கிடக்கிறது. உப்புத் தண்ணீர் தெருவில் சொட்டுகிறது. தோல் மண்டி வாசலில் நிறுத்தும் காரின் அடியில் குனிந்து பார்த்தால் துரு தானாகத் தெரியும். தோல் தொழிலில் வரும் அழுகிய முட்டை நாற்ற வாயு செம்புக் கம்பியைக் கறுக்க வைக்கும் என்பதும் தெரிந்த சங்கதிதான். சென்சார் ஒயரின் 'கப்ளர்' உள்ளே இருப்பதும் உலோக முனைகள்தான்.

எரிகிற எல்லா விளக்குக்கும் உப்பு மேல் பழி போட முடியாது. ஆனால் இந்தப் பகுதியில் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது. அடிப்பக்கத்தையும் சக்கர உள்பக்கத்தையும் நல்ல தண்ணீரில் அடிக்கடி கழுவினாலே பாதித் தொல்லை போகும். மேல் பாலீஷ் போட்டு என்ன பிரயோஜனம்?

பெட்டியை மாற்றச் சொன்னால் உஷார்

சிலர் விளக்கைப் பார்த்ததும், "ஏ.பி.எஸ். பெட்டி போச்சு" என்று சொல்லி விடுகிறார்கள். பெட்டி விலை பத்தாயிரக் கணக்கில் போகும். கோளாறு பல சமயம் பெட்டியில் இருக்காது.

முதலில் ஸ்கேனர் போட வேண்டும். ஸ்டியரிங்குக்குக் கீழே அதற்கு ஒரு சாக்கெட் இருக்கிறது. மலிவான ஸ்கேனர்களில் பல என்ஜின் கோளாறை மட்டும்தான் படிக்கும். ஏ.பி.எஸ். படிக்கும் ஸ்கேனர்தானா என்று கேட்டுக் கொள்ளுங்கள்.

'முன் இடது சென்சார்' என்று ஸ்கேனர் காட்டினால் உடனே புது சென்சார் வாங்கி விடக் கூடாது. அங்கே இருந்து தகவல் வரவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். ஒயர் அறுந்திருக்கலாம். எலி கடித்திருக்கலாம் (கடலைக் கடை பக்கம் நிறுத்தும் வண்டி என்றால் சொல்லவே வேண்டாம்). கப்ளரில் பச்சை பூத்திருக்கலாம். சென்சார் முனையில் இரும்புத் தூள் ஒட்டியிருக்கலாம். பல் வளையத்தில் விரிசல் விழுந்திருக்கலாம்.

ஸ்கேனரை மாட்டிக் கொண்டே 20 கிலோ மீட்டர் வேகத்தில் ஓட்டிப் பார்த்தால் நாலு சக்கர வேகமும் திரையில் ஓடும். மூன்று 20 என்று காட்ட, ஒன்று மட்டும் பூஜ்யம் காட்டினால் திருடன் அகப்பட்டான்.

சமீபத்தில் பேரிங் மாற்றினீர்களா? அதைக் கட்டாயம் சொல்லுங்கள். பல புதுக் கார்களில் காந்த வளையம் பேரிங்கின் ஒரு பக்கத்திலேயே இருக்கிறது. கண்ணுக்கு சாதாரண கருப்பு சீல் மாதிரி தெரியும். பேரிங்கைத் திருப்பிப் போட்டு அடித்து இறக்கி விட்டால் சக்கரம் அழகாகச் சுற்றும், சென்சாருக்கு ஒன்றும் தெரியாது. சுத்தியல் பட்டாலும் வளையம் கெடும். இந்த ஒரு தவறால் நல்ல சென்சாரைத் தூக்கிப் போட்டு விட்டு புதுசு வாங்குகிறவர்கள் உண்டு.

பேட்டரி பலம் குறைந்தாலும் இந்த விளக்கு எரியும். பிரேக் பெடல் சுவிட்ச் கெட்டாலும் சில கார்களில் எரியும். ஒரு சக்கரத்துக்கு மட்டும் வேறு சைஸ் டயர் போட்டாலும் பெட்டி குழம்பும்.

ஒரு எச்சரிக்கை. பழைய வகை சென்சாரை மல்டி மீட்டரில் ஓம்ஸ் வைத்துப் பார்க்கலாம். புது வகையை அப்படிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சென்சார் கெட்டுப் போகவும் கூடும்.

சிவப்பு என்றால் நில்!

மஞ்சள் மட்டும் எரிந்தால், முன் வண்டிக்கு நிறைய இடம் விட்டு மெதுவாக வீடு போய்ச் சேரலாம். மறுநாளே காட்ட வேண்டும்.

சிவப்பு அப்படி இல்லை. முதலில் ஹேண்ட் பிரேக் போட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் வண்டியை ஓரம் கட்டுங்கள். பிரேக் ஆயில் குறைந்திருக்கும். கட்டை தேய்ந்தாலும் ஆயில் மட்டம் இறங்கும். எங்காவது ஒழுகினாலும் இறங்கும். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனால் ஒரு அடி கூட ஓட்டக் கூடாது. சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து எரிந்தாலும் அதே கதிதான்.

ஞாயிற்றுக்கிழமை ஏலகிரிக்குப் போகிறவர்கள் இதைக் கவனிக்கலாம். அங்கே 14 கொண்டை ஊசி வளைவுகள். வளைவில் மட்டும் சிவப்பு விளக்கு மினுக்கி விட்டு நேர் ரோட்டில் அணைந்தால் 'சென்சார் லூஸ்' என்று நினைக்கிறார்கள். லூசும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆயில் குறைவாக இருப்பதால் வண்டி சாயும்போது மிதவை இறங்குகிறது. இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக் கொண்டு வந்தால் ஆயில் கொதிக்கும். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை தாங்க வேண்டிய டாட்-4 ஆயில், ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரி வரை தாங்கினால் போதும் என்பதுதான் தர அளவு. அதனால்தான் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும்.

அவசரத்துக்கு என்ஜின் ஆயிலை ஊற்றி விடாதீர்கள். உள்ளே ரப்பர் ஊதி மொத்த பிரேக்கும் போய் விடும்.

செகண்ட் ஹேண்ட் கார் மோசடி

பழைய கார் வாங்கப் போகிறீர்களா? ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் திருப்புங்கள். மஞ்சள் ஏ.பி.எஸ். விளக்கு இரண்டு, மூன்று விநாடி எரிந்து அணைய வேண்டும். எரிந்து கொண்டே இருந்தால் கோளாறு. எரியவே இல்லை என்றால் அது அதை விடப் பெரிய கோளாறு. விளக்கையே கழற்றி இருப்பார்கள். அல்லது வேறு விளக்கோடு ஒயரைச் சேர்த்து ஒன்றாக அணையும்படி செய்திருப்பார்கள். புரோக்கர் பேச்சு கொடுத்துக் கொண்டே இருப்பார். கண் மீட்டரிலேயே இருக்கட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

கோளாறு தெரிந்தே ஆபத்தான வண்டியை ரோட்டில் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 190-வது பிரிவின்படி ரூ.1,500 வரை அபராதம். அதனால் விபத்து நடந்து யாருக்காவது காயம் ஏற்பட்டால் 3 மாதம் வரை ஜெயில் அல்லது ரூ.5 ஆயிரம் அபராதம். ஓட்டியவர் மட்டும் அல்ல, ஓட்ட விட்ட முதலாளியும் மாட்டுவார். டேப் ஒட்டி இருந்தால் 'எனக்குத் தெரியாது' என்று எப்படிச் சொல்வது?

கோளாறு கம்பெனியுடையது என்றால் வேறு கதை. வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி கம்பெனிக்கு உத்தரவு போட அரசுக்கு அதிகாரம் கொடுக்கும் 110-ஏ பிரிவு 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. கம்பெனி தானாகவும் அழைக்கும். 2022 அக்டோபரில் மாருதி கம்பெனி, பின் பிரேக்கில் ஒரு 'பின்' உடையலாம் என்று வேகன்-ஆர், செலிரியோ, இக்னிஸ் கார்கள் 9,925-ஐ அழைத்தது. 2023 செப்டம்பரில் அமெரிக்காவில் ஹூண்டாய், கியா கம்பெனிகள் சுமார் 33 லட்சம் கார்களை அழைத்தன. ஏ.பி.எஸ். பெட்டிக்குள் ஆயில் கசிந்து தீப்பிடிக்கலாம் என்பதால், சரி செய்யும் வரை வீட்டை ஒட்டி நிறுத்தாதீர்கள் என்று சொன்னார்கள். உங்கள் கார் இப்படி ஏதாவது பட்டியலில் இருக்கிறதா என்று சேசிஸ் நம்பரைக் கொடுத்து கம்பெனியிடம் கேளுங்கள். அந்த வேலைக்குப் பணம் கிடையாது.

பணத்தையும் வாங்கிக் கொண்டு விளக்கையும் அணைக்காத ஒர்க்‌ஷாப் மீது 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். ரூ.5 லட்சம் வரை கொடுத்த விவகாரத்துக்கு மனு கட்டணம் இல்லை. 2 வருஷத்துக்குள் போக வேண்டும். பில் கையில் இருக்க வேண்டும். கழற்றிய பழைய சென்சாரையும் ஒரு கவரில் போட்டு வாங்கி வந்து விடுங்கள்.